வேதாகம வம்சவரலாறுகளில் வரும் எபிரெயப் பெயர்களுக்கு ஆவிக்குரிய அர்த்தம் உண்டா?

ஆதாம் முதல் நோவா வரையுள்ள பத்துப் பெயர்களின் அர்த்தத்தை வரிசையாகக் கோத்தால் மீட்பின் செய்தி ஒரே வாக்கியமாக வருகிறது என்று பிரசங்கத்தில் கேட்டேன், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்களில் ஆழமான அர்த்தம் உண்டு என்பதை மனதார நம்புகிறேன். அந்த வாக்கியத்தை மட்டும் ஏற்க முடியவில்லை.

அதில் சில பெயர்கள் சரிதான். ஆதாம் என்றால் மனிதன். மண்ணைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டியது. மகலாலெயேல் என்பது தேவனுக்குத் துதி. ஆனால் லாமேக்குக்கு உறுதியான பொருள் கிடையாது. மெத்தூசலாவை ‘அவன் மரணம் கொண்டுவரும்’ என்று விரிக்கிறார்கள். எபிரெயத்தில் அது ‘ஈட்டி ஏந்திய மனிதன்’ என்பதற்கே நெருக்கம். (எபிரெய மூல வாசகத்தின் கணக்குப்படி அவன் 969 வயதில் மரித்த வருஷமும் ஜலப்பிரளய வருஷமும் ஒன்றாக வருவது உண்மைதான். அதற்காகப் பெயரை வளைக்க வேண்டாம்.) ஆதியாகமம் 5-இல் காரணத்தோடு சொல்லப்படும் பெயர் நோவா மட்டுமே: சபிக்கப்பட்ட பூமியில் பாடுபடும் நம்மை இவன் தேற்றுவான் என்று தகப்பன் சொல்லி வைத்த பெயர்.

என் பார்வையில் ஆவிக்குரிய அர்த்தம் இருப்பது அங்கேதான், பெயர் வைத்தவரின் வாயிலிருந்து வந்த வார்த்தையில். யாக்கோபின் மனைவி லேயாளைப் பாருங்கள். கணவனின் அன்பு முழுவதும் அவனுடைய இன்னொரு மனைவியான தங்கை ராகேல் பக்கம். முதல் மகன் ரூபன்: கர்த்தர் என் சிறுமையைப் பார்த்தார், இனி என் புருஷன் என்னை நேசிப்பார். அடுத்து சிமியோன்: நான் வெறுக்கப்பட்டதைக் கர்த்தர் கேட்டார். அப்புறம் லேவி: இப்போதாவது அவர் என்னோடு சேர்ந்திருப்பார். மூன்று பெயர்களிலும் அவள் மனம் யாக்கோபையே சுற்றி வருகிறது. நான்காவது மகன் பிறந்தபோது புருஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. “இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்” என்று சொல்லி யூதா என்று பேரிடுகிறாள். உலகம் உண்டானது முதல் கர்த்தருக்கு நன்றி சொன்ன முதல் ஆள் லேயாள்தான் என்று யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. தாவீதும், மத்தேயு எழுதும் வம்சவரலாற்றில் இயேசுவும் அந்த நான்காவது மகனின் வழியில் வருகிறார்கள். ‘யூதர்’ என்ற பெயரே அவனிடமிருந்து வந்தது.

லேவி விஷயமும் சும்மா இல்லை. அவள் ஏங்கிய ‘சேர்ந்திருத்தல்’ என்ற அதே எபிரெய வேர்ச்சொல் எண்ணாகமம் 18:2-இல் மறுபடி வருகிறது. லேவி கோத்திரத்தார் ஆசாரியனான ஆரோனோடு சேர்ந்து ஊழியம் செய்யட்டும் என்று கர்த்தர் சொல்கிறார். ஒரு பெண்ணின் வீட்டு ஏக்கம், பிற்காலத்தில் ஒரு கோத்திரத்தின் ஊழியத்துக்கே பெயராகிறது.

ராகேலின் கதை இன்னும் கனமானது. மூத்தவனுக்கு யோசேப்பு என்று பேரிட்டதே ‘இன்னும் ஒரு மகனைத் தருவார்’ என்ற எதிர்பார்ப்பில்தான். அந்த மகன் வந்தான். பிரசவத்திலேயே அவள் உயிர் பிரிகிறது. துயரத்தின் மகன் என்று பெனொனி எனப் பேரிடுகிறாள். யாக்கோபு அதைப் பென்யமீன் என்று மாற்றுகிறான், வலது கரத்தின் மகன்.

ஆதியாகமம் 29:31 முதல் 30:24 வரையும், பிறகு 35:16-18-உம் ஒரே மூச்சில் வாசியுங்கள். அதற்குப் பிறகு பெயர் அகராதியை எடுங்கள்.