வீட்டு நாய்க்கு நாமே சத்தான தின்பண்டம் செய்து கொடுக்க முடியுமா? என்ன சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது?

முடியும். நாலு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் மாவு பிசைவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள். நான் அதைப் பார்க்காமல்தான் அடுப்பங்கரைக்குள் போனேன்.

எங்கள் நாயின் பெயர் பட்டாணி. மதுரையில் எங்கள் தெருவிலேயே பிறந்த நாட்டு நாய். மகள் ஒரு மழை நாளில் உள்ளங்கையில் வைத்துத் தூக்கி வந்தபோது அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. மூன்றாவது வயதில் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது எடை மேடையில் 19 கிலோ காட்டியது. "இந்த உடம்புவாகுக்கு 15 போதும் சார். விலாவைத் தடவிப் பாருங்க, எலும்பு கையில தட்டுப்படணும். மேல நின்னு பார்த்தா இடுப்புன்னு ஒண்ணு தெரியணும்" என்றார் மருத்துவர். தடவிப் பார்த்தேன். மெத்தையைத் தடவின மாதிரி இருந்தது.

"என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்று கேட்டார். இரண்டு வேளை, அளந்து வைத்த சோறும் கோழிக்கறியும் என்று பெருமையாகச் சொன்னேன். பொய் இல்லை. சொல்லாமல் விட்டது இடையில் போனவற்றை. காலையில் காபியோடு அம்மா மூன்று பிஸ்கட். பள்ளிக்கூடம் கிளம்பும்போது மகள் மூன்று. மதியம் என் மனைவி மூன்று. ராத்திரி நான் மூன்று. யாருக்கும் மற்றவர் கொடுத்தது தெரியாது. பட்டாணியும் காட்டிக்கொடுக்காது.

கணக்கு இதுதான். நாயின் எடையை வைத்து அதன் அடிப்படைத் தேவையைச் சொல்ல ஒரு சூத்திரம் உண்டு: கிலோவில் எடையை எடுத்து அதன் 0.75 அடுக்கைக் கண்டுபிடித்து 70 ஆல் பெருக்க வேண்டும். 15 கிலோவுக்கு 530 சொச்சம் வரும். கருத்தடை செய்த, வளர்ந்த நாய் என்றால் அதை 1.6 ஆல் பெருக்குவார்கள். ஆக நாளுக்குச் சுமார் 850 கலோரி. தின்பண்டம் எதுவானாலும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. பட்டாணிக்கு 85 கலோரி. டீக்கடை பிஸ்கட் ஒன்றில் தோராயமாக 25 இருக்கும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து பாசத்தோடு போட்டது 300. மைதா, சர்க்கரை, பாமாயில். இது அப்பாவைச் சேர்க்காத கணக்கு. அப்பாவுக்குப் பிறகு வருகிறேன்.

"இனி யாரும் ஒன்றும் கொடுக்கக் கூடாது" என்று சட்டம் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் நின்றது. அந்த இரண்டு நாளில் ஒன்று கவனித்தேன். பட்டாணி எண்ணுவது எத்தனை தடவை கை நீள்கிறது என்பதை. துண்டு எவ்வளவு பெரிசு என்பதை அல்ல. முழு பிஸ்கட்டுக்கும் கால் பிஸ்கட்டுக்கும் அதே வாலாட்டம்தான். அதனால் கையை நிறுத்துவதை விட்டுவிட்டு, கையில் இருப்பதை மாற்றுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் செய்வதில் உள்ள பெரிய வசதியே அது: நம் இஷ்டத்துக்குச் சின்னதாக வெட்டலாம்.

நான் அதிகம் செய்வது ஈரல் பிஸ்கட். கோழி ஈரல் 200 கிராம், உப்பு எதுவும் போடாமல் கொஞ்சத் தண்ணீரில் நன்றாக வேகவைக்கணும். ஒரு சின்னச் சீனிக்கிழங்கு (வட மாவட்டத்துக்காரர்களுக்குச் சர்க்கரைவள்ளி), 50 கிராம் வரும், வேகவைத்துத் தோலுரித்தது. இரண்டையும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, 250 கிராம் கேப்பை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக வரணும். இறுகிப்போனால் ஈரல் வெந்த தண்ணீரைத் தெளியுங்கள், அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள், நாய்க்குப் பிடித்த வாசமே அதில்தான். தடிமனாகத் தேய்த்து, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிசாகக் கத்தியால் கட்டம் போட்டால் 200 துண்டு வரும். மொத்தமே 1150 கலோரிதான், ஆகவே ஒரு துண்டுக்கு ஆறுக்கும் குறைவு. நாளுக்குப் பதினாலு துண்டு போடலாம். நாலு பேர் தலைக்கு மூன்று போட்டாலும் மிச்சம் இருக்கும். (அச்சு வைத்து எலும்பு வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். ஒரே ஒரு தடவை செய்தோம். பட்டாணி வடிவத்தைப் பார்க்கவில்லை.)

ஓவன் இருந்தால் 160 டிகிரியில் அரை மணி நேரம், பிறகு அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிடுங்கள், மொறுமொறுப்பாகும். எங்களிடம் முதல் வருஷம் ஓவன் கிடையாது. கனமான தோசைக்கல்லில் எண்ணெய் தடவாமல் பரப்பி, சிறு தீயில் மூடி போட்டு, திருப்பித் திருப்பிச் சுட்டோம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. என்ன, அன்றைக்கு முழுக்க அம்மா அந்தக் கல்லில் தோசை ஊற்ற மாட்டேன் என்றுவிட்டாள்.

ஈரல் நல்லது என்று தினமும் கிண்ணம் கிண்ணமாக வைக்காதீர்கள். அதில் வைட்டமின் ஏ ஏராளம். அது சிறுநீரில் வெளியேறாமல் உடம்பில் தங்கும், நாள்பட மிஞ்சினால் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். 200 கிராம் ஈரல் இரண்டு வாரத்துக்குப் பரவிப் போவதால் இந்தச் செய்முறையில் பயம் இல்லை.

"நாய் ஓநாயின் வம்சம், தானியமே ஆகாது" என்று யாராவது கீழே எழுதப் போகிறீர்கள், அதனால் முன்கூட்டியே: 2013இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் இதழில் நாய், ஓநாய் இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான், நாய்க்கு அதைவிடப் பல மடங்கு. மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சோற்றைத் தின்று தின்று வந்த மாற்றம். வேகவைத்த கேப்பையும் அரிசியும் அதற்கு ஒத்துக்கொள்ளும். கோதுமையோ கோழியோ ஒவ்வாத நாய்களும் உண்டு. புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு துண்டு போட்டு இரண்டு நாள் பாருங்கள், சொறிகிறதா, வயிறு கலங்குகிறதா என்று.

இரண்டாவது பண்டம் அம்மாவின் கண்டுபிடிப்பு. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வத்தல் போட்டுக்கொண்டிருந்தவள், "உன் நாய்க்கும் ஒரு வத்தல் போட்டா என்ன?" என்றாள். சீனிக்கிழங்கை முக்கால் வேக்காட்டில் எடுத்து, விரல் கனத்துக்கு நீளநீளமாக வெட்டி, உப்பு மிளகாய் எதுவும் படாமல், வெள்ளைத் துணி போர்த்தி இரண்டு நாள் காயவைக்கணும். தோல் மாதிரி வளையும் பதத்தில் எடுத்துவிடணும், கட்டையாகக் காய்ந்தால் கடித்து முழுங்கும்போது தொண்டையில் நிற்கும். ஒரு துண்டைக் கொடுத்தால் கால் மணி நேரம் வீடு அமைதி.

வெயில் காலத்துக்குத் தயிர்க்கட்டி: புளிக்காத தயிரில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் கடைந்து, துருவிய கேரட் போட்டு ஐஸ் தட்டில் உறைய வைப்பது. பால் பல நாய்களுக்கு வயிற்றைக் கலக்கும், தயிர் அவ்வளவு செய்யாது. கேரட், வெள்ளரி, விதை எடுத்த ஆப்பிள், அவித்த முட்டையில் கால் பங்கு இவையெல்லாம் செய்முறையே தேவைப்படாத பண்டங்கள். அசைவம் சமைக்காத வீடு என்றால் ஈரலுக்குப் பதில் இவை போதும்.

இனி கூடாதவை. அப்பா இங்கேதான் வருகிறார்.

அப்பாவுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு டீயும் காராச்சேவும் வேண்டும். அவருக்கு நாலு, பட்டாணிக்கு ஒன்று என்பது அவர் போட்ட பங்கு. "வாயில்லா ஜீவன்டா, பார்த்துட்டே நிக்குது, நான் மட்டும் எப்படித் திங்கிறது?" சேவில் உப்பு, எண்ணெய், மிளகாய் மூன்றும் இருப்பது அவருக்கும் தெரியும். பூண்டைப் பற்றித்தான் சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் வேறு, "பூண்டு கொடுத்தா உண்ணி ஒட்டாது" என்று அவருக்குச் சாட்சி சொன்னார். வெங்காயம், பூண்டு, இரண்டின் பொடி எதுவானாலும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. தின்ற அன்றே தெரியாது. நாலைந்து நாள் கழித்து ஈறு வெளுத்து, சோர்ந்து படுக்கும்போதுதான் தெரியும். அதனால்தான் "என் நாய் தின்னுச்சே, ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சும் ஓயாமல் ஓடுகிறது. வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உண்ணிக்கு மருத்துவரிடம் மருந்து இருக்கிறது.

திராட்சை, உலர் திராட்சை கூடவே கூடாது, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் அந்த ஒன்றிரண்டைத்தான் பிள்ளைகள் பொறுக்கி நாய்க்குப் போடுவார்கள். ஏன் திராட்சை மட்டும் இப்படி என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. அமெரிக்காவில் விலங்கு நச்சியல் மருத்துவர்கள் திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தைச் சந்தேகித்து, 2022இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுக்குத் துப்பு கொடுத்தவை திராட்சை அல்ல. அந்த அமிலத்தின் உப்பையும் (கேக் செய்யச் சேர்க்கும் கிரீம் ஆஃப் டார்டார்), புளியையும் தின்றுவிட்டு அதே மாதிரி சிறுநீரகம் கெட்ட நாய்கள். ஆமாம், நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஜாடியில் இருக்கும் புளிதான். அதைப் படித்த அன்றோடு மீந்த புளிக்குழம்புச் சோற்றை பட்டாணிக்கு வைப்பதை நிறுத்தினேன். தெரு நாய்கள் காலங்காலமாகக் குழம்புச் சோறு தின்கின்றனவே என்று அம்மா கேட்டாள். தின்கின்றன, ஆனால் அவற்றின் சிறுநீரகத்தை யார் சோதித்தார்கள்?

சாக்லேட் எல்லோருக்கும் தெரியும், கறுப்பு கூடக் கூட ஆபத்து கூடும். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், பிரியாணி நாளில் குப்பைக்கூடையை உயரத்தில் வையுங்கள். தீபாவளி நெய்ப் பலகாரம் கணையத்தை வீங்க வைக்கும்.

பலர் கவனிக்காதது சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மிலும், சில கடலை வெண்ணெய் பாட்டில்களிலும் இனிப்புக்காகப் போடுவார்கள். நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு இன்சுலினைத் திடீரென்று பீறிட வைத்து, அரை மணி, ஒரு மணி நேரத்தில் சர்க்கரை அளவைச் சரித்துவிடும்; ஈரலையும் கெடுக்கும். வெளிநாட்டுச் செய்முறைகளில் பாதி கடலை வெண்ணெயில்தான் தொடங்குகின்றன. ஆசையாக இருந்தால் வறுத்த நிலக்கடலையை நீங்களே மிக்ஸியில் அரையுங்கள், ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சொத்தை, பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்த பிறகு.

பூஞ்சை என்றதும் என் முதல் தோல்வி ஞாபகம் வருகிறது. ஐப்பசி அடைமழையில் ஆசை ஆசையாகச் செய்து எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வைத்தேன். ஐந்தாம் நாள் திறந்தால் வெள்ளை ரோமம். "மேலே தட்டிட்டு வெயில்ல வை" என்றாள் அம்மா. கூடாது. பூஞ்சையைத் தட்டலாம், அது உள்ளே விட்ட நஞ்சைத் தட்ட முடியாது. நிலக்கடலை, சோளத்தில் வரும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அடுப்புச் சூட்டுக்கும் முழுதாக அழியாது, நாயின் ஈரலுக்கு அது எமன். முழுத் தூக்கையும் கொட்டினேன். கடைப் பாக்கெட்டில் ஈரத்தை உறிஞ்சும் பொட்டலமும் கெடாமல் இருக்கச் சேர்ப்பதும் இருக்கும், நம் பண்டத்தில் எதுவும் இல்லை. இப்போது சுட்டு ஆறியதும் எல்லாவற்றையும் ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன். மூன்று நாளைக்கானதை மட்டும் எடுத்துச் சாதாரண ஃபிரிட்ஜில்.

அதிலிருந்து காலையில் பதினாலு துண்டை எண்ணி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வாசல் திண்டில் வைப்பது மகளின் வேலை. யார் கொடுப்பதானாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்குக் கடை மூடியாச்சு. சாப்பாட்டுக் கிண்ணத்திலும் அந்த 85 கலோரிக்குத் தக்கபடி சோற்றைக் குறைத்துவிட்டோம். இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு சத்தான பண்டமும் கூடுதல் தீனிதான்.

உங்கள் நாய் குட்டியாக இருந்தாலோ, சர்க்கரை, சிறுநீரகம், கணையம் என்று ஏதாவது நோய் இருந்தாலோ மேலே சொன்ன எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். சிறுநீரக நோய் உள்ள நாய்க்கு ஈரல் பிஸ்கட்டே தப்பாகிவிடும்.

பட்டாணி போன மாதம் 16.4 கிலோ. இடுப்பு தெரிகிறது. எட்டு மாதமாக அந்த இடத்திலேயே நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. டப்பா கணக்கு சரியாக இருக்கிறது, சோற்றுக் கணக்கும் சரியாக இருக்கிறது. நேற்று நாலேகால் மணிக்கு வந்து என் மடியில் தலையை வைத்தது. வாயில் காராச்சேவு வாசம்.