பாலத்துக்குப் பாலம் கூடுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் ஞாயிறு காலைகளில் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரை சைக்கிளில் போய் வருகிறோம். கல்லூரிப் பையன்களும் உண்டு, பணி ஓய்வு பெற்றவர்களும் உண்டு. பாதி வழியிலேயே கூட்டம் சிதறிவிடுகிறது. பின்தங்குபவர்கள் ஒவ்வொருவராக வருவதையே நிறுத்திக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வயதும் பலமும் வேறுபடும் கூட்டம் சிதறத்தான் செய்யும். மறுபடி எங்கே கூடுவது என்பதை முன்கூட்டியே பேசி வைக்காததுதான் சிக்கல். உங்கள் வழியில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது. திருவையாறு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறீர்கள். ஒவ்வொரு பாலத்தையும் தாண்டியதும் ஓரமாக நிழல் பார்த்து அனைவரும் நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் மேல் நிற்கக் கூடாது. பேருந்துகள் விரையும் சாலை அது.

நின்றால் மட்டும் போதாது. முன்னால் வந்தவர்கள் உட்கார்ந்து, கதை பேசி, நன்றாக இளைப்பாறியபின், பின்னால் வருபவரின் தலை தெரிந்ததும் சைக்கிளில் ஏறிக் கிளம்பிவிடுவதைப் பல குழுக்களில் பார்க்கலாம். யாருக்கு ஓய்வு மிகவும் தேவையோ அவருக்கு அது கிடைப்பதே இல்லை. முட்டிவலி என்று சொல்லி ஒதுங்குபவர்களில் பலர் உண்மையில் இதனால்தான் ஒதுங்குகிறார்கள் என்பது என் எண்ணம். ஆகவே, கடைசியாக வருபவர் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, ‘போகலாம்’ என்று சொன்ன பிறகே மற்றவர்கள் மிதிக்கத் தொடங்க வேண்டும். வேகம் வேண்டும் என்னும் பையன்கள் அடுத்த பாலம் வரை பறக்கட்டும், தடையில்லை. ஆனால் வழி தெரிந்த, அவசரப்படாத ஒருவர் முன்னாலும், பம்பும் பஞ்சர் சாமான்களும் வைத்திருக்கும் ஒருவர் எல்லோருக்கும் பின்னாலும் கட்டாயம் இருக்க வேண்டும். மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகம் தாராளம். இந்தச் சாலையில் ஒருவர் பின் ஒருவராகவே செல்லுங்கள். பேசிக்கொண்டு இணையாக ஓட்டுவதை வாய்க்கால் கரைச் சாலைகளுக்கு ஒதுக்கிவிடலாம்.

ஜனவரியில் தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களில் மட்டும் வேறு வழியைத் தேர்ந்தெடுங்கள். மற்ற ஞாயிறுகளில் திருவையாற்று அசோகா அல்வாவுக்கு அரை மணி நேரம் ஒதுக்காமல் திரும்புவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: சம்பா அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் நெல்லைக் காயப்போட்டிருக்கிறார்கள். மெதுவாக அதன் மேலேயே ஓட்டிச் செல்லலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கூடாது. அது ஒருவருடைய விளைச்சல் என்பது முதல் காரணம். உலர்ந்த நெல்மணிகள் சக்கரத்தின் அடியில் உருளும்போது பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கிவிடும் என்பது அடுத்த காரணம். வைக்கோல் இன்னும் தொல்லை: கியர் சைக்கிளில் ஒரு துரும்பு பின்பல்சக்கரங்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டால் சங்கிலி தாவித் தாவி நின்றுவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லுங்கள். நெல்லைக் கிளறிக்கொண்டிருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசவும் அது வாய்ப்பு.

கரையோரங்களில் சீமைக் கருவேல முள்ளும் கிடக்கும். சாதாரண சைக்கிளின் டியூபில் வால்டியூப் என்னும் சிறு ரப்பர் குழாய் வைத்த மவுத்தும் (காற்றடிக்கும் வாய்), கியர் சைக்கிள்களில் வேறு வகை மவுத்தும் இருப்பதால், ஒருவருடைய பம்பு இன்னொருவருடைய வண்டிக்குப் பொருந்தாமல் போவதுண்டு. புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே எல்லா வண்டிகளிலும் பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. குழுவில் சேர கியர் சைக்கிள் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: வேண்டியதில்லை. டெல்டாவின் சமவெளியில் பாலத்து ஏற்றங்களைத் தவிர மேடு என்று பெரிதாக எதுவும் இல்லை. இருக்கும் சைக்கிளின் சீட் உயரத்தை முதலில் சரிபாருங்கள்: பெடல் கீழே இருக்கும்போது முட்டி இலேசாக மடங்கியிருந்தால் போதும். சீட்டைத் தாழ்த்தி வைத்து, முட்டியை வயிறு வரை தூக்கி மிதிப்பவர்களுக்கே வலி சீக்கிரம் வருகிறது. இறங்கும்போது கால் தரையில் முழுவதும் பதியவில்லையே என்ற பயம் இருந்தால், ஒரேயடியாக உயர்த்தாமல் வாரத்துக்கு ஒரு விரற்கடை அளவு ஏற்றுங்கள்.