கீசர் போட்டால் மெயின் டிரிப் ஆகிறது, தண்ணீரும் சரியாகச் சூடாவதில்லை. சர்வீஸ் ஆள் புதிது வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

உடனே வாங்காதீர்கள். டிரிப் ஆனதும் சுவிட்சைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். நீங்களும் போர் தண்ணீர் ஏரியாவில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டு தொல்லையும் சேர்ந்தே எங்களுக்கும் வந்தது.

அப்போது சென்னையில் மேடவாக்கம் பக்கம் வாடகைக்கு இருந்தோம். குழாய், பக்கெட் எல்லாம் வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர். கீசர் 15 லிட்டர், 2000 வாட். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 60 டிகிரிக்கு வர இருபது நிமிடம் போதும். எங்கள் கீசரில் அதற்கு முன்பே சிவப்பு லைட் அணைந்துவிடும், தண்ணீரோ வெதுவெதுப்பாகத்தான் வரும். தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்டைச் சுற்றி உப்பு கட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் அங்கேயே தேங்குகிறது. பக்கத்தில் இருக்கும் தெர்மோஸ்டாட் தண்ணீர் சூடாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறது. லைட் எரிந்துகொண்டே இருந்தும் தண்ணீர் சில்லென்றே வந்தால் கதை வேறு, எலிமெண்டே போயிருக்கும்.

அப்புறம் டிரிப் ஆக ஆரம்பித்தது. அந்தத் தெருவுக்கே வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் வந்தார். கீசரைத் திறக்கவே இல்லை. "அக்கா, ஹீட்டருக்கு மட்டும் ஆர்சிசிபி இல்லாம நேரா லைன் குடுத்துடறேன், அப்புறம் டிரிப்பே ஆகாது" என்றார். முடியாது என்றேன். "எல்லா வீட்லயும் இப்படித்தான்க்கா போட்டுக் குடுத்திருக்கேன்" என்று அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். வீடுகளில் வைப்பது பெரும்பாலும் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். அது விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது என்றுதான் பொருள். அதை எடுத்துவிட்டு, எர்த்தும் சரியில்லை என்றால், அந்தக் கசிவு ஈரத் தரையில் நின்று குளிப்பவர் உடம்பு வழியாகப் போகலாம். எங்கள் வீட்டில் அம்மாதான் முதலில் குளிப்பார்.

எலக்ட்ரீஷியன்களைக் குறை சொல்கிறேன் என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். கீசரைச் சரிசெய்து கொடுத்தவரும் வேறொரு எலக்ட்ரீஷியன்தான். அவர் மெயினை நிறுத்தி, எலிமெண்ட் வயரைக் கழற்றி, கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்தார். கசிவு எலிமெண்டில்தான். தண்ணீரை வடித்துவிட்டு வெளியே எடுத்தபோது சுண்ணாம்புக் கட்டிகளுக்கு நடுவே அதன் உறை வெடித்திருந்தது. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரைந்து காப்பாற்றும் மெக்னீசியம் ராடு ஒன்று உள்ளே இருக்கும். எங்களுடையதில் நடுக்கம்பி மட்டும்தான் மிச்சம். எலிமெண்ட், ராடு, கேஸ்கெட் மூன்றையும் மாற்றினோம். புதிய கீசர் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. டேங்கே ஓட்டையாகி உடம்பிலிருந்து தண்ணீர் ஒழுகினால் மட்டும் ஒட்டுப் போடாமல் புதிது வாங்குங்கள். சேஃப்டி வால்விலிருந்து சூடாகும்போது சொட்டுவது ஒழுகல் இல்லை. தண்ணீர் விரிவதால் அப்படித்தான் சொட்டும், தயவுசெய்து அதை அடைக்காதீர்கள்.

கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தையும் அவரேதான் சோதித்தார். எர்த் குழி காய்ந்து கிடந்தது, அப்படியிருந்தால் கரண்ட் சரியாக இறங்காது. வீட்டு ஓனரிடம் சொன்னால், "இதுக்கு முன்னாடி இருந்தவங்க யாரும் கேக்கலையே" என்கிறார். கடைசியில் நாங்களே செலவழித்துப் புது எர்த் போட்டோம். கீழ் வீட்டில் அவரும்தான் குடியிருக்கிறார், அதே எர்த்தான் அவர் ஃபிரிட்ஜுக்கும் மோட்டருக்கும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். எர்த் செலவைக் கழிக்கச் சொன்னதற்கு, "அது உங்க வசதிக்குப் போட்டது" என்று முடித்துவிட்டார். குழி அவர் வீட்டில்தானே இருக்கிறது? இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை.

உங்களுடையதும் வாடகை வீடு என்றால், எர்த்தில் கை வைப்பதற்கு முன் செலவு யாருடையது என்று ஓனரிடம் வாட்ஸப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.