‘மிகேல்’ (1924): ஓர் ஓவியரின் காதல் – கேள்வி பதில்

கேள்வி: இயக்குநர் கார்ல் டிரையர் டென்மார்க்காரர். அவருடைய ‘மிகேல்’ எப்படி ஜெர்மன் படமாகும்?

பதில்: பெர்லினில், எரிக் பொம்மரின் தயாரிப்பில் உருவான மௌனப் படம் இது. திரைக்கதையில் டிரையரோடு ஜெர்மன் எழுத்தாளர் தியா ஃபான் ஹார்போவும் பங்கேற்றார். மூலக்கதை மட்டும் டேனிஷ் எழுத்தாளர் ஹெர்மன் பாங்கின் நாவல். நடக்கும் இடம் பாரிஸ்.

கேள்வி: இளைஞன் மிகேலும் இளவரசியும் காதலிப்பதுதானே கதை? கிழ ஓவியருக்கு ஏன் இத்தனை இடம்?

பதில்: ஓவியர் சோரேயின் காதல்தான் கதை என்று நினைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். தன் மாடலாக இருந்த மிகேலை அவர் வளர்ப்பு மகனாகவே வைத்திருக்கிறார். கடனில் மூழ்கிய இளவரசி தன்னை வரையச் சொல்லி வருகிறாள். முகம் அமைந்துவிடுகிறது, கண்கள் மட்டும் சோரேவுக்குப் பிடிபடவில்லை. தூரிகையை மிகேலிடம் கொடுக்கிறார். அவன் வரைந்ததும் கண்களுக்கு உயிர் வந்துவிடுகிறது. அவன் அவளை எப்படிப் பார்க்கிறான் என்பது அந்தத் திரைச்சீலையிலேயே தெரிந்துவிடுகிறது. பொறாமை, வசனம், சண்டை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு காதல் தொடங்கியதையும் இன்னொன்று தோற்றதையும் ஒரே காட்சியில் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன படங்கள் மிகக் குறைவு.

பிறகு அவர் பரிசாகத் தந்த ஓவியத்தையே மிகேல் விற்றுவிடுகிறான். சோரே வாய் திறப்பதில்லை. எல்லாம் இழந்த ஒரு மனிதனை வரையத் தொடங்குகிறார்.

கேள்வி: சோரேவுக்கு மிகேல் மேல் இருப்பது பாசமா, காதலா?

பதில்: காதல் என்றே நான் உறுதியாகக் கொள்கிறேன். ஜெர்மனியில் அன்று ஆண்களுக்கிடையிலான பாலுறவு குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவின்படி குற்றம். அதை எதிர்த்து 1919இல் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் வெளிப்படையாகவே ஒரு படம் எடுத்தார். அடுத்த ஆண்டே அதற்குத் தடை வந்தது. டிரையர் பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் முகங்களில் காட்டிவிட்டார். ‘இனி நிம்மதியாகச் சாவேன், ஒரு பெரிய காதலைக் கண்டுவிட்டேன்’ என்ற பொருளில் சோரே கடைசியாகச் சொல்வதற்கு வேறு விளக்கம் எனக்குப் பொருந்தவில்லை.

கேள்வி: ஒளிப்பதிவு யார்?

பதில்: கார்ல் ஃபிராய்ண்ட். பின்னாளில் ‘மெட்ரோபொலிஸ்’ படத்திலும் பணியாற்றியவர். இதில் ஓவிய வியாபாரியாகவும் நடித்திருக்கிறார். வெளிப்புறக் காட்சிகளை எடுத்தவர் ருடால்ஃப் மாத்தே.

கேள்வி: மௌனப் படம் பார்த்துப் பழக்கமில்லை. சலிக்குமா?

பதில்: இடையில் வரும் பிரபுவின் கிளைக்கதை கொஞ்சம் இழுவைதான். அதற்காக நிறுத்திவிடாதீர்கள். சோரேயாக வரும் பெஞ்சமின் கிறிஸ்டென்சனின் முகத்தை மட்டும் பின்தொடர்ந்தாலே படம் பிடிபட்டுவிடும். அவர் ‘ஹெக்ஸன்’ எடுத்த இயக்குநர். இளவரசியாக நடித்த நோரா கிரகோரை 1939இல் வந்த, பிரெஞ்சு இயக்குநர் ரென்வாரின் ‘ஆட்டத்தின் விதிகள்’ படத்தில் பார்த்திருப்பீர்கள்.