நீல ஒளியும் கண்ணாடிக்கடைச் சோதனையும்

அன்புள்ள ஐயா,

நான் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் கணினியின் முன்தான் இருப்பு. மாலையில் கண் எரிகிறது. இரவில் எளிதில் தூக்கம் வருவதில்லை. சென்ற வாரம் கண்ணாடி மாற்றப் போனபோது கடைக்காரர், திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று சொல்லி, 'ப்ளூ கட்' லென்ஸ் போட்டுக்கொள்ளும்படி வற்புறுத்தினார். சிறு டார்ச் ஒன்றால் நீல ஒளியை ஓர் அட்டையில் அடித்துக் காட்டினார். சாதாரண லென்ஸ் வழியாகச் சென்ற ஒளி, அந்த லென்ஸில் நின்றுவிட்டது. பவர் தேவைப்படாத என் ஏழு வயது மகளுக்கும் ஒன்று வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? கைபேசியில் உள்ள நீல ஒளி வடிகட்டியே போதுமா?

ந., மதுரை

அன்புள்ள ந. அவர்களுக்கு,

கடையில் நீங்கள் கண்டது உண்மைதான். ஆனால் அந்தச் சோதனைக்கும் உங்கள் கணினித் திரைக்கும் தொடர்பு மிகக் குறைவு. ஒளியின் நிறத்தை அதன் அலைநீளத்தால் குறிப்பார்கள். இத்தகைய டார்ச்சுகளில் பெரும்பாலும் இருப்பது ஏறத்தாழ 405 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசர். நீலத்தைவிட ஊதாவுக்கு நெருக்கமானது, புற ஊதாவின் எல்லையை ஒட்டி நிற்பது. நிறமற்ற ப்ளூ கட் லென்ஸ்கள் வலுவாகத் தடுப்பதும் ஏறத்தாழ 420 வரையிலான அந்த ஓரப் பகுதியைத்தான். எல்.இ.டி. திரைகளின் நீல ஒளியோ 450 நானோமீட்டரை ஒட்டி உச்சம் கொள்கிறது. 405-இல் அவை அநேகமாக எதையும் உமிழ்வதில்லை. எனவே திரையில் இல்லாத ஒளியைத் தடுத்துக் காட்டி, திரையிலிருந்து காப்பதாகச் சொல்கிறார்கள். 450-ஐ ஒரு லென்ஸ் முழுமையாகத் தடுத்தால் அது தெளிந்த கண்ணாடியாக இருக்காது. தேன் நிறத்தில் இருக்கும், அதன் வழியே பார்க்கும் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். அந்த லேசரைக் குழந்தையின் கண்ணில் நேராகப் படவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையின் ஒளியைவிட அதுதான் ஆபத்தானது.

கண் எரிச்சலைப் பொறுத்தவரை நம்பத்தகுந்த தொகுப்பாய்வு ஒன்று இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட அந்த ஆய்வு, ஆறு நாடுகளில் நடந்த 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, கணினியால் வரும் கண் களைப்பைக் குறைப்பதில் இந்த லென்ஸ்கள் சாதாரண லென்ஸ்களைவிடக் குறுகிய காலத்தில் மேலானவையாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது. பிரிட்டனில் இந்த லென்ஸ்களைப் பற்றிய தவறான விளம்பரத்துக்காக, மருந்துக்கடை நிறுவனமான பூட்ஸின் கண்ணாடிப் பிரிவுக்கு 2017-இல் 40,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

எரிச்சல் வேறிடத்திலிருந்து வருகிறது. திரையை ஊன்றிப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. சிமிட்டும்போதும் பலமுறை இமைகள் முழுமையாக மூடுவதில்லை. கருவிழியின் மேலுள்ள கண்ணீர்ப் படலம் ஆங்காங்கே உலர்ந்து விட்டுப்போகிறது. குளிர்சாதனக் காற்றோ மின்விசிறியோ நேராக முகத்தில் அடித்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். கணினித் திரை கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் கண்ணை அகல விரித்துப் பார்க்க நேர்ந்து, உலர்வும் கூடும். இத்துடன், அருகிலுள்ள எழுத்தை மணிக்கணக்கில் பார்க்க விழியின் உள்தசைகள் ஓயாமல் இறுகியிருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவராயின், வெள்ளெழுத்து தொடங்கியும் தூரப் பார்வைக் கண்ணாடியை மட்டுமே அணிந்துகொண்டு உழைக்கிறீர்களா என்று பாருங்கள். அலுவலகத்தில் வேலை செய்வோர் பலரின் தலைவலிக்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு. கடையில் கேட்ட கூடுதல் பணத்தைக் கணினித் தூரத்துக்கு அளந்து பவர் குறித்துத் தரும் முறையான கண் பரிசோதனைக்குச் செலவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

விழித்திரை கெட்டுவிடும் என்ற அச்சம் உங்கள் கடிதத்தில் நேராக இல்லை. மகளுக்கும் வாங்க நினைப்பதில் அது ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 2018-இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, கைபேசி கண்ணைக் குருடாக்கும் என்ற தலைப்புகளோடு உலகெங்கும் பரவியது. அதில் சோதித்தவை விழித்திரைச் செல்கள் அல்ல, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹீலா என்னும் புற்றுநோய்ச் செல்கள். ஒளியும் திரையிலிருந்து வந்ததல்ல. நம் கண்ணுக்கு வரும் நீல ஒளியின் பெரும் ஊற்று சூரியன். திரை தருவது பகல் ஒளியோடு ஒப்பிட மிகச் சொற்பம். அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் கணினிக்கென இத்தகைய கண்ணாடிகளைப் பரிந்துரைப்பதில்லை.

தூக்கத்தின் கதை வேறு. இங்கே நீல ஒளிக்கு உண்மையான பங்குண்டு. பார்வைக்காக அன்றி, இரவு பகலை உடலுக்கு உணர்த்துவதற்காகவே விழித்திரையில் ஒரு வகைச் செல்கள் இருப்பதை டேவிட் பெர்சன் குழுவினர் 2002-இல் காட்டினர். 480 நானோமீட்டரை ஒட்டிய ஒளியே அவற்றை அதிகம் தூண்டுகிறது. அதனால் தூக்கத்துக்கு உடலை ஆயத்தம் செய்யும் மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரப்பது தாமதமாகிறது. ஆனால் அளவைக் கவனியுங்கள். 2015-இல் வெளியான புகழ்பெற்ற ஹார்வர்டு ஆய்வில், மங்கிய அறையில், முழு வெளிச்சம் வைத்த ஐபேடில் நான்கு மணி நேரம் படித்தவர்கள், அச்சு நூல் படித்த நாட்களைவிட ஏறத்தாழப் பத்து நிமிடம்தான் தாமதமாக உறங்கினார்கள். மறு ஆண்டு ஸ்வீடனின் உப்சாலாவில், பகலில் பிரகாசமான ஒளியில் இருந்தவர்கள் இரவில் இரண்டு மணி நேரம் டேப்லெட்டில் படித்தும் அவர்களது மெலடோனினில் வேறுபாடு தெரியவில்லை. கைபேசியைத் திறந்தால் வரும் அலுவலகச் செய்தி, முடிவில்லாத காணொளிகள் ஆகியவை உறக்கத்தைத் தள்ளிப்போடுவதில் அதன் நிறத்தைவிட வலியவை என்றே நான் கருதுகிறேன். கைபேசி வடிகட்டிக்குப் பணம் இல்லை, தீங்கும் இல்லை. மஞ்சள் திரை உங்களுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஐபோனில் உள்ள அவ்வசதியை இளைஞர்களிடம் சோதித்த 2021-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், அதை இயக்கியவர்களும் இயக்காதவர்களும் ஒரே போலத்தான் உறங்கினார்கள். நிறத்தை மாற்றுவதோடு நிற்காமல் வெளிச்சத்தையும் தாழ்த்துங்கள். படுக்கையறைக் குழல்விளக்கை முன்னதாகவே அணையுங்கள்.

மகளுக்கு அந்தக் கண்ணாடி வேண்டாம். அவள் வயதில் அஞ்ச வேண்டியது கிட்டப்பார்வை. அதைத் தவிர்க்க வீட்டுக்கு வெளியே கிடைக்கும் பகல் ஒளி உதவுகிறது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்க வகை செய்தபோது, மூன்றாண்டு முடிவில் அவர்களில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு. மாலையில் வெயில் தாழ்ந்ததும் அவளை விளையாட அனுப்புங்கள், ஆண்டுக்கு ஒருமுறை பார்வையைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் கண்ணைப் பொறுத்தவரை, திரையைச் சற்றுத் தாழ்த்தி, காற்றின் திசையை மாற்றி, அவ்வப்போது தொலைவில் பார்த்து முழுமையாகக் கண் சிமிட்டிப் பாருங்கள். சில வாரங்களில் எரிச்சல் குறையாவிட்டால், கண் மருத்துவரிடம் சென்று கண் உலர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.