பண்டிகை விடுமுறையில் அரசியல்வாதிகளின் சப்பைச் செய்திகள் ஏன் இவ்வளவு பெரிதாக வருகின்றன?

அரசியல்வாதிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. பாதிப் பழி என் போன்ற ஆட்களுடையது.

காரைக்குடியில் சில வருடம் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். பொங்கல் நெருங்கினால் கோர்ட் இல்லை, மனு நாள் இல்லை, பள்ளி கல்லூரி இல்லை. பேப்பருக்கும் ஒருநாள் லீவு உண்டுதான். ஆனால் மற்ற நாட்களில் உள்ளூர்ப் பக்கம் குறையாது. சாயங்காலம் டெஸ்கிலிருந்து போன் வரும்: "அண்ணே, ஏதாச்சும் இருக்கா? படத்தோட இருந்தா நல்லது."

இந்தப் பசி கட்சிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சாதாரண நாளில் மூன்று வரியில் போகிற அறிக்கையைப் பண்டிகைக்கென்றே எடுத்து வைத்திருப்பார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டு நோட்டீஸில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதற்கு ஒரு கண்டனம் வரும். அது கால் பக்கம் போகும். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கு எங்கெங்கோ இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் வந்து கூடுவார்கள். உண்மையில் எழுத வேண்டியது அது. அது மூலையில் போகும்.

நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் கோடை விடுமுறைச் செய்தி வறட்சிக்கு 'கோடை ஓட்டை' என்றே பெயர். 1993 கோடையில் அங்கே ஒரு எம்பி, ஸ்பெயினின் மயோர்கா தீவை வாங்கி 17வது மாநிலமாக்கலாம் என்றார். நாடே பேசியது. தீவு இன்னும் ஸ்பெயினிடம்தான் இருக்கிறது.

எனக்கு எரிச்சல் தருவது வேறு. ஆம்னி பஸ்ஸில் கூடுதல் கட்டணம் வாங்கினால் கடும் நடவடிக்கை என்ற அறிக்கை வருடா வருடம் வரும். சென்னையிலிருந்து காரைக்குடி வரும் பல்லவன் ரயிலில் டிக்கெட் கிடைக்காதவர் அதை நம்பித்தான் பஸ் ஏறுகிறார். லீவு முடிந்த பிறகு எத்தனை பஸ் மீது நடவடிக்கை என்று கேட்டு எழுதியிருக்கலாம். நானும் எழுதவில்லை.

அப்புறம் நான் எழுதியது என்ன? ஒரு சமத்துவப் பொங்கல் விழா. பிரமுகர் வருவதற்குள் பானை பொங்கி இறக்கியாகிவிட்டது. மறுபடி அடுப்பில் ஏற்றி, பால் ஊற்றி, மூன்று பேர் ஊதி, ஒருவழியாக நுரை வந்ததும் படம் எடுத்தோம். மறுநாள் ஏஜென்ட் கடையில் பத்துக் காப்பி வாங்க அவரே வந்திருந்தார்.