மெழுகு தண்ணீரை ஒட்டவிடாதே, அப்புறம் ஏன் ஜல்லியிலிருந்து தார் உரிகிறது?

கேள்வி: ஹாட் மிக்ஸ் பிளான்ட்டில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். கடைசியாக வந்த பிட்டுமின் (தார்) லோடின் சான்றிதழில் மெழுகு 3.1 சதவீதம் என்று இருக்கிறது. கலக்கும் சூட்டைக் குறைக்க நாங்களும் 2 சதவீதம் செயற்கை மெழுகு சேர்க்கிறோம். ஜல்லி, கிரானைட். ஈரத் தாங்குதிறன் சோதனையில் விகிதம் (ஈர சாம்பிளின் வலிமையைக் காய்ந்த சாம்பிளின் வலிமையால் வகுத்தது) 0.71தான் வந்தது, 0.80 வேண்டும். மெழுகு தண்ணீரைத் தள்ளும் பொருள்தானே, அது கூடினால் நல்லதுதானே? லோடைத் திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். உங்கள் கலவையில் சந்தேகப்பட மூன்று பேர் இருக்கிறார்கள்: பிட்டுமினோடு வந்த மெழுகு, நீங்கள் சேர்த்த மெழுகு, குறைத்த சூடு. என் அனுபவத்தில் மூன்றாவது ஆள்தான் அடிக்கடி மாட்டுகிறான்.

முதலில் அந்தத் 'தண்ணீரைத் தள்ளும்' விஷயம். வழவழப்பாக அறுத்த கருங்கல் துண்டின் மேல் ஒரு சொட்டு மெழுகுவத்தியை உருக்கி விட்டு ஆறவிடுங்கள். அதன்மேல் தண்ணீர் முத்து முத்தாக உருளும், சரி. ஆனால் நகத்தால் நெம்பினால் சொட்டு முழுசாகக் கழன்று வந்துவிடும். பக்கத்திலேயே ஒரு சொட்டுத் தாரை விட்டுப் பாருங்கள். சுரண்டிச் சுரண்டி எடுத்தாலும் கறை போகாது. சாலைக்கு வேண்டியது இந்தப் பிடிப்புதான். தாருமே தண்ணீரைத் தள்ளும் பொருள்தான், அதில் குறையில்லை. தண்ணீர் காற்றிடைவெளி வழியாக உள்ளே போய், படலம் கிழிந்த இடத்தில் கல்லுக்கும் தாருக்கும் நடுவே நுழைகிறது. சண்டை நடப்பது அங்கே.

பிட்டுமினில் கல்லைப் பிடித்துக்கொள்வது அதிலுள்ள கொஞ்சம் துருவத்தன்மை கொண்ட சேர்மங்கள். மெழுகு அப்படியல்ல, வெறும் நிறைவுற்ற கார்பன் சங்கிலி, கல்லைப் பிடிக்க அதனிடம் கையே இல்லை. ஆறும்போது அது படிகமாகிறது. கல்லை ஒட்டிய இடத்தில் படிகமானால் அந்த அளவுக்குப் பிடிப்பு குறைகிறது. கிரானைட் போன்ற சிலிக்கா மிகுந்த கல்லோ, தாரைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் விரும்பும். பலவீனமான பிடிப்பு, தண்ணீருக்கு ஏங்கும் கல் என இரண்டும் சேர்ந்தால் உரிவது வியப்பில்லை. இதே தார் சுண்ணாம்புக்கல் ஜல்லியில் தேறிவிட வாய்ப்பு அதிகம். அங்கே தாரிலுள்ள அமிலங்கள் கால்சியத்தோடு சேர்ந்து தண்ணீரில் எளிதில் கரையாத உப்பாகிவிடுகின்றன.

இனி 3.1. எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். வடித்துப் பிரிக்கும் முறையும், வெப்ப மாற்றத்தை வைத்துக் கணக்கிடும் டி.எஸ்.சி. முறையும் ஒரே தாருக்கு வேறு வேறு எண் தரும். சீனத் தரநெறி, வடிப்பு முறையில் ஏ வகைக்கு 2.2, பி வகைக்கு 3.0, சி வகைக்கு 4.5 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவின் சூப்பர்பேவ் தார்த் தர முறையில் மெழுகுக்குத் தனி வரம்பே கிடையாது. ஆக, உங்கள் ஒப்பந்தத்தில் வரம்பு எழுதியிருந்தால் ஒழிய, 3.1 என்ற எண்ணை மட்டும் காட்டி லோடை நிராகரிக்க முடியாது.

இரண்டு மெழுகையும் ஒன்றாகப் பார்க்கவும் கூடாது. கச்சா எண்ணெயிலிருந்தே வரும் பாரஃபின் மெழுகு பெரும்பாலும் 60 டிகிரி சுற்றுவட்டாரத்திலேயே உருகிவிடும். வார்ம் மிக்ஸுக்கு, அதாவது குறைந்த சூட்டில் கலக்கும் கலவைக்குச் சேர்க்கும் ஃபிஷர்-டிராப்ஷ் என்ற செயற்கை மெழுகின் சங்கிலி நீளமானது, உருக ஏறக்குறைய 100 டிகிரி வேண்டும். ஆஷ்டோ டி 283 என்ற ஈரத் தாங்குதிறன் சோதனையில் சாம்பிளை 60 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம் போடுகிறீர்கள் அல்லவா? அந்த நேரத்தில் முதல் வகை உருகித் தாரை இளக்குகிறது; இரண்டாவது வகை படிக வலையாக நின்று தாரை இறுக்கிப் பிடிக்கிறது. 50 டிகிரித் தண்ணீரில் சாம்பிளின் மேல் சக்கரம் ஓட்டித் தடம் பார்க்கும் ஹாம்பர்க் சோதனையில் வார்ம் மிக்ஸ் மெழுகு போட்ட கலவை நல்ல பேர் வாங்குவதும் இதனால்தான். தார் விறைத்திருப்பதால் தடம் பதியவில்லை, அவ்வளவுதான். கல்லோடு பிடிப்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

அதனால் விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். மெழுகால் விறைத்த கலவையில் காய்ந்த சாம்பிளின் வலிமை ஏறி, ஈர வலிமை அப்படியே நின்றாலும் விகிதம் விழும். ஈர சாம்பிளின் வலிமை தனியாக எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் உடைந்த முகத்தைப் பாருங்கள், இதைப் பலர் செய்வதே இல்லை. பிளந்த உருளையை வெளிச்சத்தில் பிடித்தால், பெரிய ஜல்லிகள் கருப்பாகப் பளபளக்கின்றனவா, இல்லை கழுவிவிட்டதுபோல் கல்லின் நிறம் வெளியே தெரிகிறதா? கல் தெரிந்தால் பிடிப்பு போயிருக்கிறது. எல்லாம் கருப்பாகவே இருந்து வலிமை மட்டும் விழுந்திருந்தால், தார் தனக்குள்ளேயே தளர்ந்திருக்கிறது.

மூன்றாவது ஆளுக்கு வருவோம். சூட்டை 20, 30 டிகிரி குறைத்தால் ஜல்லி முழுக்கக் காயாமல் போகலாம். மேலே காய்ந்தது போலத் தெரியும், துளைக்குள் ஈரம் நிற்கும். தார் பூசியபின் அது ஆவியாகிப் படலத்தைக் கிளப்பும். லாரியில் கலவை நுரைத்தாலோ, கலவையைச் சேமிக்கும் சைலோவில் தண்ணீர் சொட்டினாலோ சந்தேகமே வேண்டாம். நீங்கள் சொல்லாத ஒன்று: அந்த 0.71 சாம்பிள் லேபில் கலந்ததா, பிளான்ட்டிலிருந்து எடுத்ததா? லேபில் ஜல்லியை அடுப்பில் காயவைத்துத்தான் கலப்போம். லேப் சாம்பிள் தேறி, பிளான்ட் சாம்பிள் மட்டும் விழுந்தால் முதலில் ஜல்லியின் ஈரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். உருகிய நிலையில் மெழுகு தாரை நீர்க்க வைப்பதால் ரோலர் நன்றாக அமுக்கும், காற்றிடைவெளி குறையும், தண்ணீருக்கு வழி குறையும். ஆனால் படிகமாகத் தொடங்கும் சூட்டுக்குக் கீழே போய்விட்டால் கலவை சட்டென்று விறைக்கும். ரோலர் தாமதமானால் இந்த ஆதாயம் போய்விடும்.

பரிகாரம் இருக்கிறது. ஜல்லி எடையில் 1 முதல் 1.5 சதவீதம் நீற்றிய சுண்ணாம்பு கிரானைட்டுக்கு நன்றாகக் கேட்கும். கூழாகக் கரைத்து ஊற்றினால் நீங்களே தண்ணீர் சேர்த்தது மாதிரி ஆகிவிடும், குறைந்த சூட்டில் அது வேண்டாத வேலை. இல்லையென்றால் அமீன் வகை ஒட்டுத்திரவம், தார் எடையில் அரை சதவீதம் அளவில். சூடான தொட்டியில் நாள்கணக்கில் வைத்தால் அதன் வீரியம் குறையும்.

லோடைப் பற்றி முடிவெடுக்கும் முன் லேபில் நான்கு தொகுதி போடுங்கள், எல்லாவற்றிலும் காற்றிடைவெளி 7 சதவீதம். மெழுகு சேர்க்காமல் முழுச் சூட்டில் ஒன்று. மெழுகு சேர்த்து முழுச் சூட்டில் ஒன்று. மெழுகு சேர்த்துக் குறைந்த சூட்டில் ஒன்று. அதிலேயே சுண்ணாம்பு போட்டு ஒன்று. முதல் தொகுதியே விழுந்தால் லோடையும் ஜல்லியையும் சந்தேகிக்கலாம். பழைய லோடின் சாம்பிள் மிச்சமிருந்தால் அதே ஜல்லியில் கலந்து பாருங்கள், எது என்று தெரிந்துவிடும். இரண்டாவதில் விழுந்தால் நீங்கள் சேர்க்கும் மெழுகின் அளவைக் குறையுங்கள். மூன்றும் தேறிவிட்டால் லோடில் குறையில்லை, பிளான்ட்டில் ஜல்லியின் ஈரத்தைப் பாருங்கள். காயவைத்த ஜல்லி நிற்கும் தொட்டியான ஹாட் பின்னிலிருந்து ஒரு தட்டு ஜல்லி எடுத்து எடை போட்டு, 110 டிகிரி அடுப்பில் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். அரை சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பர்னர்காரரைக் கூப்பிடுங்கள்.